மின்சார ரயிலா, மெட்ரோவா? டிக்கெட் பார்க்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி

சென்னையின் தெற்குப் புறநகரில் குடியிருந்துகொண்டு நகரத்துக்குள் வேலைக்குப் போகிற பெண்களுக்கு மூன்று வழி இருக்கிறது: மின்சார ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து. மூன்றையும் வெவ்வேறு காலத்தில் தினசரிப் பயணத்துக்கு வைத்திருந்தவள் நான். ஆபீஸ் ஆயிரம் விளக்குப் பக்கம் மாறிய பிறகு மெட்ரோவுக்கு வந்துவிட்டேன். காசு அதிகம் என்று தெரிந்தேதான் வந்தேன். "அஞ்சு ரூபா டிக்கெட்டை விட்டுட்டு எதுக்கு அங்க போய்க் கொட்டிக் குடுக்கற?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். மின்சார ரயிலில் 20 கிலோமீட்டர் வரை 5 ரூபாய். கடற்கரையில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினாலும் 10 ரூபாய்தான். மாத சீசன் எடுத்தால் இன்னும் குறைவு. மெட்ரோவில் குறைந்தது 10, அதிகபட்சம் 50. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. மெட்ரோவில் ஏசி உண்டு. காலை எட்டரை மணி ரயிலில் கையைத் தூக்க இடம் இருக்காது. பஸ் அண்ணா சாலையில் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மாறியதற்கு இவை எதுவும் காரணம் இல்லை.

காரணம், திரும்பி வரும் நேரம். வேலை முடிந்து கிளம்பும்போது பெரும்பாலும் ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. டிக்கெட் பரிசோதனை வருமானப் பிரச்சினை, பெண்களின் பாதுகாப்பு போலீஸ் பிரச்சினை என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். அரசாங்கமும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் ஒரு பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான். டிக்கெட் விற்கவோ பார்க்கவோ ஓர் ஆள் அங்கே இருந்தால், அவளைப் பார்க்கவும் ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

சட்டங்களைக் கொஞ்சம் பார்ப்போம். மின்சார ரயில் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் கீழ் ஓடுகிறது. மெட்ரோவுக்கு 2002-இல் வந்த தனிச் சட்டம். முதலில் டெல்லிக்காக மட்டும் போட்டது, 2009-இல் திருத்தி மற்ற நகரங்களுக்கும் விரித்தார்கள். 2015 ஜூன் 29-இல் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய நம்ம மெட்ரோ அப்படித்தான் அதற்குள் வந்தது. பஸ்ஸுக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம். அதோடு 1998-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த, முதலில் ஈவ்டீசிங் தடைச் சட்டம் என்று பெயர் வைத்திருந்த சட்டமும் சேரும்.

டிக்கெட் இல்லாமல் மாட்டினால் என்ன ஆகும்? ரயில்வே சட்டத்தின் 138-ஆவது பிரிவுப்படி, பயணக் கட்டணத்தோடு கூடுதலாக இன்னொரு மடங்கு கட்டணம் அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டவேண்டும். மின்சார ரயிலில் 5 ரூபாய், 10 ரூபாய் டிக்கெட்டுக்கு எப்போதும் 250 தான் வரும். ஏமாற்றும் நோக்கத்தோடு பயணம் செய்ததாக 137-ஆவது பிரிவில் வழக்கு போட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மெட்ரோ சட்டத்தின் 69-ஆவது பிரிவு இதோடு ஒப்பிட்டால் ரொம்ப சாது. கட்டணத்தோடு 50 ரூபாய், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆவது பிரிவு 500 ரூபாய் வரை போகிறது.

காகிதத்தில் பார்த்தால் ரயில்தான் கறார். நடைமுறை நேர்மாறு. மெட்ரோவில் கார்டையோ க்யூஆரையோ காட்டாமல் கேட் திறக்காது. வெளியே வரவும் அதே கதைதான். ரயில் நிலையத்தில் கேட்டே கிடையாது. முன்வாசல், பின்வாசல், நடைமேம்பாலம், சுவர் இடிந்த இடம் என்று எத்தனையோ வழியில் உள்ளே வரலாம். ஆளைத் தடுக்க வழியில்லாத இடத்தில், எப்போதாவது மாட்டுகிறவருக்குப் பெரிய அபராதம் போட்டு மற்றவர்களைப் பயமுறுத்தப் பார்க்கிறார்கள். அதனால் ரயிலில் டிக்கெட் பரிசோதனை என்பது ரெய்டு மாதிரி நடக்கிறது. மாம்பலத்திலோ எழும்பூரிலோ படிக்கட்டு முடிகிற இடத்தில், நல்ல கூட்ட நேரத்தில், நாலைந்து டிடிஆர்கள் வரிசையாக நிற்பார்கள். அன்றைக்கு வசூல். அடுத்த நாள் யாரும் இருக்க மாட்டார்கள். கூட்டம் இல்லாத சின்ன நிலையத்தில், ராத்திரி நேரத்தில், பரிசோதனை நடந்து நான் பார்த்ததே இல்லை. அங்கே வசூல் ஆகாது என்பதால் வருவதில்லை. டிடிஆர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கொடுத்திருக்கிற வேலை அப்படி.

மெட்ரோ கேட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கார்டை வைத்ததும் கதவு திறக்காமல் சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார், பல நிலையங்களில் பெண்தான். கார்டை வாங்கி மெஷினில் வைத்துப் பார்த்து, "காலைல வெளிய வந்தது பதிவாகல மேடம்" என்று சொல்லி, சரிசெய்து திருப்பித் தருவார். அரை நிமிட வேலை. இந்த அரை நிமிட வேலைக்காகவே, எந்த நிலையமாக இருந்தாலும், கடைசி ரயில் போகிறவரை கேட் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாகவேண்டும். இல்லாவிட்டால் பயணி வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்வார். பெண்கள் பாதுகாப்புக்கு என்று அவரை யாரும் அங்கே உட்காரவைக்கவில்லை. கட்டணம் வசூலிக்கிற முறையே அவரை அங்கே இருக்கவைக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு எவனாவது பின்னாலேயே வந்தால் நான் நேராகப் போய் நிற்கப்போவது அவர் முன்னால்தான்.

மெட்ரோவில் சிசிடிவி, பெட்டிக்குள் டிரைவரோடு பேசும் பட்டன், 2024-இல் கொண்டுவந்த பெண்களே இருக்கும் பிங்க் ஸ்குவாட் எல்லாம் உண்டு. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனியாக ஒதுக்கப்படும் படைக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஏதாவது கொடுமை நடந்து செய்தியில் வந்தால் ஆட்கள் கூடுவார்கள், கொஞ்ச நாள் போனால் வேறு பணிக்குப் போய்விடுவார்கள். ரயில் நிலையங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். கேட் பக்கத்தில் இருக்கிற ஆளை அப்படி எடுக்க முடியாது. எடுத்தால் நிலையமே நடக்காது. பாதுகாப்பு யாருடைய கவனத்தையும் நம்பி இருக்கக்கூடாது, அன்றாட வேலையோடு கட்டிப்போட்டதாக இருக்கவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மின்சார ரயிலில் இதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். முன்பு ஒவ்வொரு நிலையத்திலும் கவுன்டரில் ஒரு கிளார்க் இருப்பார். பிறகு டிக்கெட் மெஷின் வந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் நின்று, நம் கையில் இருக்கிற சில்லறையை வாங்கிக்கொண்டு, தன் கார்டை வைத்துப் படபடவென்று திரையில் தட்டி டிக்கெட்டை உருவித் தருவார். அதுவும் பகல் நேரத்தில்தான். அதற்கப்புறம் ஆப் வந்தது. ஆப்பில் எடுக்கிற டிக்கெட்டுக்கு ஒரு விதி: தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் எடுக்க முடியாது, போன் இருக்கும் இடத்தைப் பார்த்து மறுத்துவிடும். டிடிஆரைக் கண்டதும் அவசரமாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நிலையத்தில் ஒட்டியிருக்கிற க்யூஆரை ஸ்கேன் செய்தால் எடுக்கலாம். ஏமாற்றுவதைத் தடுக்க இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஆனால் டிக்கெட் போனுக்குள் போகப்போக, டிக்கெட் கொடுத்த மனிதர் நிலையத்திலிருந்து காணாமல் போகிறார் என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. வசதி என்று பார்த்தால் எனக்கும் ஆப் பிடிக்கும். ஆனால் அந்த கவுன்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்ததுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

இது வெறும் பயம் என்று நினைக்கிறவர்களுக்காகச் சிலவற்றை நினைவுபடுத்துகிறேன். 2016 ஜூன் 24 காலையில், விடிந்து ஆள்நடமாட்டம் இருந்த நேரத்தில், நுங்கம்பாக்கம் ரயில் நிலைய பிளாட்பாரத்தில் ஒரு இளம் பெண்ணை வெட்டிக் கொன்றான் ஒருவன். நகரத்தின் நடுவில் இருக்கும் அந்த நிலையத்தில் அன்றைக்கு ஒரு கேமராகூட இல்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்தவன், வந்துகொண்டிருந்த ரயில் முன்னால் தள்ளிவிட்டான். 2025 பிப்ரவரியில் பழவந்தாங்கல் நிலையத்தில், இரவில் பணி முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பெண் காவலரிடமே ஒருவன் அத்துமீறி நகையைப் பறித்தான். போலீஸ்காரப் பெண்ணுக்கே இந்த நிலை.

கேட் வைத்திருந்தால் இவை எல்லாம் நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. கொல்ல வேண்டும் என்று வருகிறவன் டிக்கெட் எடுத்துக்கொண்டும் வருவான். ரயில் முன்னால் தள்ளுவதைத் தடுப்பது சுரங்க மெட்ரோ நிலையங்களில் பிளாட்பார ஓரத்தில் இருக்கும் கண்ணாடிக் கதவுதான், டிக்கெட் கேட் இல்லை. முதல் கட்டத்தின் மேம்பால நிலையங்களை அந்தக் கதவு இல்லாமல்தான் கட்டினார்கள். ஆக, கேட் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. வேலை எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் பிளாட்பாரத்தில் சுற்றிக்கொண்டு இருப்பவர்களை அது குறைக்கிறது. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவு இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருக்கிறது. ராத்திரியில் எனக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்.

ரயில்வே சட்டத்தில் என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்த ஒரு பிரிவு இருக்கிறது, 139. டிக்கெட் இல்லாதவரை, கேட்ட பணத்தைக் கட்ட மறுத்தால், ரயிலிலிருந்து இறக்கிவிடலாம் என்கிறது. அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆண் துணை இல்லாமல் தனியாக வரும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்தில் இறக்கிவிடக் கூடாது. அவர்கள் ஏறிய நிலையத்தில், அல்லது ஒரு ஜங்ஷனில், கடைசி நிலையத்தில், மாவட்டத் தலைநகர நிலையத்தில்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும்.

இந்த விதியை எழுதியவர்களுக்கு, ஆளில்லாத நிலையத்தில் ராத்திரி நேரம் ஒரு பெண்ணை இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. டிக்கெட் எடுக்காத குற்றத்தைவிட அந்த ஆபத்து பெரியது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். மனிதாபிமானமான விதி. ஆனால் டிக்கெட் எடுத்து, ஒழுங்காகப் பயணம் செய்து, அதே ஆளில்லாத நிலையத்தில் அதே ராத்திரி நேரத்தில் தினமும் தானாக இறங்குகிறாளே, அவளைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை. நிலையத்தில் இந்த நேரம் வரை இத்தனை பேர் பணியில் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். பயணிகள் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வேண்டும் என்று யாராவது கேட்டால், தண்டனையை ஏற்றுவதைவிட இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வேன்.

பெண்கள் பெட்டிக்கும் இதே கதிதான். ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கவேண்டும் என்று 58-ஆவது பிரிவு சொல்கிறது. அதில் ஏறும் ஆணுக்கு 500 ரூபாய் வரை அபராதம், உடனே இறக்கிவிடலாம் என்று 162 சொல்கிறது. யார் இறக்குவது? மின்சார ரயிலில் முன்னால் ஓட்டுகிற மோட்டார்மேன், கடைசியில் கொடி காட்டுகிற கார்டு. நடுவில் இருக்கிற பெட்டிகளில் ரயில்வேக்காரர் யாரும் இல்லை. "இது லேடீஸ் கம்பார்ட்மென்ட்ங்க, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுங்க" என்று பெண்களே சேர்ந்து சொல்லவேண்டும். பகலில் நாற்பது பேர் இருக்கும்போது சொல்லலாம். பூ விற்கிற அக்கா ஒருத்தர் சத்தம் போட்டாலே போதும், இறங்கி ஓடிவிடுவார்கள். ராத்திரி பெட்டியில் மூன்று பேர் இருக்கும்போது சொல்ல வாய் வராது. ரயில்வே உதவி எண் 139-க்கு போன் பண்ணலாம், பண்ணியும் இருக்கிறோம். மறுமுனையில் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் மின்சார ரயிலில் அடுத்த நிலையம் இரண்டு மூன்று நிமிடத்தில் வந்துவிடும், ஆள் இறங்கிப் போயே விடுவான்.

இன்னொரு சிக்கல், போலீஸ் இரண்டாகப் பிரிந்திருப்பது. ஆர்பிஎஃப் மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை. டிக்கெட் இல்லாமல் போவது, பெண்கள் பெட்டியில் ஏறுவது போன்ற ரயில்வே சட்டக் குற்றங்கள் அவர்கள் கையில். கையைப் பிடித்து இழுத்தான், பின்தொடர்ந்தான் என்றால் அது குற்றவியல் வழக்கு, மாநில அரசின் ரயில்வே போலீஸிடம் போகவேண்டும். பதற்றத்தில் இருக்கிற பெண்ணுக்கு எந்தச் சட்டை எந்தத் துறை என்று எப்படித் தெரியும்?

இவ்வளவு சொன்ன பிறகு ரயில்வே சட்டத்துக்கு நியாயமாகச் சேரவேண்டிய பாராட்டையும் சொல்லிவிட வேண்டும். ரயிலிலிருந்து தவறி விழுந்தால் 124ஏ பிரிவின் கீழ் இழப்பீடு உண்டு. ரயில்வே மேல் தப்பு இருக்கிறதா என்று பயணியோ குடும்பமோ நிரூபிக்கத் தேவையில்லை. உயிரிழப்புக்கு முன்பு 4 லட்சமாக இருந்தது, 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம். இதற்கு ஒரு நிபந்தனை, அவர் டிக்கெட் எடுத்த உண்மையான பயணியாக இருக்கவேண்டும். அந்த ஐந்து ரூபாய் டிக்கெட் இங்கேதான் காப்பீடாக மாறுகிறது. விழுந்தவர் உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று எத்தனையோ குடும்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. டிக்கெட் கையில் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அவர் பயணியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடும்பம் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், அதற்கப்புறம் மறுத்து நிரூபிப்பது ரயில்வேயின் பாடு. அதற்கு முன்பே, 2010-இல் ஜமீலா வழக்கில், திறந்த கதவோரம் அஜாக்கிரதையாக நின்று விழுந்ததைத் தானே தேடிக்கொண்ட காயம் என்று சொல்ல முடியாது என்றும் தீர்ப்பு வந்திருக்கிறது. மின்சார ரயிலில் போகிற எல்லாரும் வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

ஆனால் விழுந்த பிறகு கொடுக்கிற பணத்தைவிட விழாமல் இருக்கிற கதவு பெரிசு. 2018 ஜூலை 24 காலையில் மேலே போகும் மின்கம்பி அறுந்து ரயில்கள் தாமதமாகி, எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்ட ஒரு மின்சார ரயில் பரங்கிமலை நிலையத்தைக் கடந்தபோது, படியில் தொங்கியவர்கள் பிளாட்பாரத்தை ஒட்டிய கான்கிரீட் சுவரில் மோதி விழுந்தார்கள். குறைந்தது நாலு பேர் இறந்தார்கள். படியில் பயணம் செய்தால் 3 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம் என்று 156-ஆவது பிரிவு அன்றைக்கும் இருந்தது. தாமதமான ரயிலில் பெட்டி பிதுங்கி வழியும்போது அந்தப் பிரிவு யாரைத் தடுக்கும்? மெட்ரோவில் கதவு மூடாமல் ரயில் கிளம்பாது. அங்கே படியில் தொங்குவது பற்றி யாருக்கும் அறிவுரை சொல்லத் தேவையே இல்லை.

இப்போது பஸ். இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் ராத்திரி நேரத்தில் எங்கள் பக்கம் போகிற பஸ்ஸை நான் நம்பியிருந்த காலம் கொஞ்சம்தான். ஆனால் மூன்று சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பஸ்ஸுக்கு இருக்கிற சட்டம்தான். 1998 சட்டப்படி, பேருந்துக்குள் ஒரு பெண் தொல்லை என்று புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும். போகாவிட்டால் அவர்கள் மேல் நடவடிக்கை. இந்தச் சட்டமே சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரை இழந்த பிறகு வந்தது. தென்காசி பேருந்து நிறுத்தத்தில் நடந்த ஒரு சம்பவம் பற்றிய வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதே கடமையை நாடு முழுவதற்கும் உத்தரவாகச் சொன்னது. பேருந்து நிலையம், ரயில் நிலையங்களில் மஃப்டியில் பெண் போலீஸ் நிற்கவேண்டும் என்றும் சொன்னது. தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது.

கண்டக்டர் என்ற ஒரே மனிதரிடம் டிக்கெட்டும் பாதுகாப்பும் சேர்ந்து இருக்கிறது. நான் சொல்லிக்கொண்டு வருவதும் அதுதான். பெண்களிடம் ஒரு பைசா வாங்காத சாதாரண பஸ்ஸிலும் அவர் இடித்துப் பிடித்துக்கொண்டு வந்து, பூஜ்ஜியம் ரூபாய் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அரசு அந்தக் கணக்கில்தான் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. அதற்காகவாவது அவர் பஸ் முழுக்க ஒரு சுற்று வந்துதான் ஆகவேண்டும். ஒருமுறை என் பின்னால் இடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, கண்டக்டர் ஒரு வார்த்தையும் அவனிடம் பேசாமல், "நீ முன்னாடி வாம்மா, இப்படி நில்லு" என்று என்னைத் தன் சீட்டுப் பக்கம் நிற்கவைத்தார். எல்லாக் கண்டக்டரும் அப்படி இல்லை, கண்டும் காணாமல் போகிறவர்களும் உண்டு. நிறைந்து வழிகிற பஸ்ஸில் அவரால் நகரவும் முடியாது. பஸ்ஸை ஸ்டேஷனுக்குத் திருப்பச் சொன்னால் "வீட்டுக்குப் போகணும்ங்க" என்று மற்ற பயணிகளே சண்டைக்கு வருவார்கள் என்பதையும் மறைக்க முடியாது. சட்டம் நன்றாக இருந்தும் பஸ்ஸை நான் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம், ராத்திரி பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் ஆளில்லாத நிறுத்தத்தில் காத்திருக்கவேண்டும் என்பதே. நிறுத்தத்தில் கண்டக்டர் கிடையாது.

என் முடிவை அப்படியே எல்லாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் போகிற வழியில் இரண்டு பக்கமும் மெட்ரோ நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது, அவர்களுக்கு ரயிலை விட்டால் வழியில்லை. மெட்ரோவின் வடக்குப் பக்கம், விம்கோ நகர் வழியில் ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்கு அனுபவம் இல்லை. 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு பாதையில் வந்த ஏசி மின்சார ரயிலில் தானாக மூடும் கதவு உண்டு. நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் செய்த முதல் ஏசி மின்சார ரயில் 2017-லேயே மும்பையில் ஓடத் தொடங்கிவிட்டது. இங்கே வர இத்தனை வருஷம் ஆனது வருத்தம்தான். அதில் நான் அதிகம் போனதில்லை. கதவுப் பிரச்சினை அதில் தீரும், நிலையத்தில் ஆள் இல்லாத பிரச்சினை தீராது.

காசும் சின்ன விஷயம் இல்லை. ஐந்து ரூபாயில் போகிற தூரத்துக்கு மெட்ரோவில் முப்பது, நாற்பது ஆகிறது. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் வீட்டு வேலை செய்கிற, துணிக்கடையில் நிற்கிற பெண்ணின் சம்பளத்தில் பெரிய பங்கு அது. ராத்திரி கடை மூடிவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிப்பவர்களும் அவர்கள்தான். பாதுகாப்பு வேண்டுமானால் கூடுதல் காசு கொடு என்று ஆகிவிடக் கூடாது. என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு வேளையும் மெட்ரோ கட்டுப்படியாகாவிட்டால் காலையில் ரயிலில் போங்கள், லேடீஸ் பெட்டி நிறைந்திருக்கும், பயமில்லை. திரும்பும்போது ஒன்பது தாண்டினால் மட்டும் மெட்ரோ. என் தோழிகள் இரண்டு பேர் அப்படித்தான் செய்கிறார்கள், சீசனையும் விடவில்லை.

நான் சொன்னது சரியா என்று பார்க்க ஒரு வாய்ப்பு வரப்போகிறது. 1995-இல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கி வேளச்சேரி வரை நீண்ட பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. ஆளே இல்லாத பெரிய பெரிய கட்டடங்களுக்கு மேலே நிலையம் வைத்த பாதை அது. இருட்டிய பிறகு அந்தப் படிக்கட்டுகளில் ஏறத் தயங்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. நிர்வாகம் மெட்ரோவிடம் போனால், அதே பாதை, அதே கட்டடம், அதே ஊர்க்காரர்கள், முறை மட்டும் வேறாக இருக்கும். அப்போது நான் பார்க்கப்போவது புதுப் பெட்டியையோ பெயிண்டையோ இல்லை. முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்திலும் தரமணியிலும் ராத்திரி பத்து மணிக்குக் கேட் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான். செலவைக் குறைக்கிறோம் என்று கேட்டை மட்டும் வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டு வேறு எங்கிருந்தோ ஒருவர் நாலு நிலையத்தைக் கவனிப்பார் என்று ஏற்பாடு செய்தால், மெட்ரோ பற்றி நான் இங்கே சொன்ன நல்ல வார்த்தை எதுவும் அந்தப் பாதைக்குப் பொருந்தாது. மெட்ரோ அதிகாரிகளிடம் பயணிகள் சங்கங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும், கட்டணம் எவ்வளவு என்பது இரண்டாவது.